நீலவானிற் பறந்து சொந்த மண்ணில் இறங்கியவர்

வசந்தகாலம் வந்துவிட்டால் ஐரோப்பிய வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஓர் இரவு முழுவதும் பாடல்களும் புள்ளிகளும் மாறிமாறி ஒலிப்பதை இங்கு வாழும் நாம் அறிவோம். யூரோவிஷன் பாடற்போட்டி எனப்படும் அந்த விழாவைப் பார்த்தபடியே நம் பிள்ளைகள் பலர் வளர்ந்திருக்கிறார்கள். எந்த நாடு வென்றது, எந்த நாடு தோற்றது என்பது மறுநாட் காலைப் பேச்சாகின்றது. சில மாதங்களில் வென்றவரின் பெயரும் மறந்துபோகின்றது.

ஆனால் இப்போட்டியின் தொடக்க ஆண்டுகளில் மூன்று தடவைகள் பாடி, ஒரு தடவைதானும் வெல்லாத ஒருவரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது. முதற் தடவை அவருக்கு மூன்றாமிடம். இரண்டாந் தடவை ஆறாமிடம். மூன்றாந் தடவை ஒரு புள்ளிதானும் இன்றிக் கடைசியிடம். இத்தாலிய நாட்டவரான அவர் பெயர் டொமெனிக்கோ மொடுன்யோ. அவரது வாழ்க்கையை அறிந்துகொள்வது, போட்டியின் வரலாற்றை அறிவதாக மட்டும் அமையாது. பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்கப் போன ஒருவர் அந்த மண்ணுக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வியையும் அது நம்முன் வைக்கின்றது.

தெற்கிலிருந்து ஓர் இளைஞன்

மொடுன்யோ 1928ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் பொலின்யானோ அ மாரே என்னும் சிற்றூரிற் பிறந்தார். இத்தாலியின் தென்கிழக்கே, அட்ரியாட்டிக் கடலை நோக்கி நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளின் மேல் அமைந்த ஊர் அது. அவர் சிறுவனாயிருக்கையிற் குடும்பம் அதே புல்யா மாகாணத்திலுள்ள சான் பியேத்ரோ வெர்னொத்திக்கோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் நகரசபைக் காவலராகப் பணியாற்றியவர். கிற்றார் வாசிக்கும் பழக்கம் அவரிடமிருந்தே மகனுக்கு வந்தது. புதிய ஊரின் பேச்சுவழக்கு கடல் கடந்த சிசிலித் தீவின் பேச்சை ஒத்திருந்தது. இந்தச் சிறிய ஒற்றுமை பின்னாளில் அவர் வாழ்வையே திசைதிருப்பப் போகின்றது என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

போர் முடிந்த காலம். தெற்கு இத்தாலி வறுமையில் வாடியது. இலட்சக்கணக்கான தெற்கத்தியர் வேலை தேடி வடக்கே மிலானுக்கும் ரியூரினுக்கும், எல்லை கடந்து பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, யேர்மனி ஆகிய நாடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தனர். நடிகனாக வேண்டுமென்ற ஆசையுடன் பத்தொன்பது வயதளவில் வீட்டைவிட்டு வெளியேறிய மொடுன்யோவும் ரியூரினில் வாகனச் சக்கரங்கள் திருத்தும் கடையிற் கையாளாக வேலைசெய்தார். படைச் சேவை முடிந்தபின் ரோம் நகருக்குச் சென்று, அங்குள்ள திரைப்படப் பயிற்சிக் கல்லூரியில் இடம் பெற்றார். சிறு சிறு வேடங்கள் கிடைத்தன. கையிற் கிற்றார் இருந்தது. தன் ஊர்ப் பேச்சிலேயே பாட்டுக்கள் கட்டிப் பாடத் தொடங்கினார்.

அப்பாட்டுக்கள் வழக்கமான காதற் பாடல்களைப் போன்றவை அல்ல. மீனவர் பிடித்துவிட்ட பெண் வாள்மீனை விட்டகல மறுத்துத் தானும் அகப்படும் ஆண் வாள்மீனைப் பற்றி அவர் பாடினார். சுரங்கத்தின் இருளில் உழைத்து முதுமையடைந்த குருட்டுக் குதிரையைப் பற்றிப் பாடினார். 1955இல் வெளிவந்த பாடலொன்றில், நள்ளிரவில் ஆளரவமற்ற நகரத்தினூடாகப் பழைய விருந்தாடை அணிந்து தனியே நடந்து, விடியலில் ஆற்றில் மறையும் ஒரு மனிதனைக் கண்முன் நிறுத்தினார். உழைப்பாளியின் துயரும் கடற்கரை மக்களின் நம்பிக்கைகளும் அவரது குரலில் வானொலிக்கு வந்தன.

இடம் மாறிய அடையாளம்

வானொலியில் அவரது பாட்டைக் கேட்டவர்கள் அவரைச் சிசிலிக்காரர் என்றே எண்ணினர். புல்யாவின் பெயரைவிடச் சிசிலியின் பெயர் அக்காலத்திற் கேட்போரை அதிகம் ஈர்த்தது. தொழிலுக்கு அது நல்லதென ஆலோசனை கூறினோர் இருந்தனர். மொடுன்யோ அதை மறுக்கவில்லை. தானொரு சிசிலியர் என்ற நினைப்பு மக்களிடையே பரவ இடங்கொடுத்தார். பெயர் வளர்ந்தது, ஆனால் பொலின்யானோ மக்களின் மனத்திலே வடு விழுந்தது. தம்மூரிற் பிறந்தவன் வேறோர் ஊரின் பிள்ளையாகப் புகழப்படுவதை அவர்கள் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அந்நிய ஊரிலே வேலைக்காகவும் வசதிக்காகவும் பெயரைச் சுருக்கிக் கொள்வதும், ஊரை மாற்றிச் சொல்வதும் எத்தகைய நெருக்குதலில் நிகழ்கின்றன என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆகவே இளம் மொடுன்யோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் விரும்பவில்லை. ஆயினும் அது அவர் தீர்க்க வேண்டியிருந்த ஒரு கடன் என்பதை மறைக்கவும் முடியாது.

போட்டி பிறந்த விதம்

இனி அக்காலப் போட்டியைச் சற்று நோக்குவோம். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1950இல் அமைக்கப்பட்டது. 1954இல் நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்கள் ஒன்றுடனொன்று இணைக்கப்பட்டு, அவ்வாண்டு சுவிற்சர்லாந்தில் நடைபெற்ற உலகக்கிண்ண உதைபந்தாட்டம் பல நாடுகளில் ஒரே நேரத்திற் காட்டப்பட்டது. இந்த இணைப்பை மேலும் பயன்படுத்த என்ன வழி என ஆராய்ந்தோருள் முதன்மையானவர் சுவிஸ் ஒலிபரப்புத்துறையைச் சேர்ந்த மார்செல் பெசன்சோன். இத்தாலியின் சன்ரேமோ நகரில் 1951 முதல் நடந்துவந்த பாடல் விழாவே முன்மாதிரியாயிற்று.

முதற் போட்டி 1956ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் நடைபெற்றது. ஏழு நாடுகள் பங்குகொண்டன. ஒவ்வொரு நாடும் இரண்டு பாடல்களை அளித்தது. சுவிற்சர்லாந்தின் லிஸ் அசியா வென்றார். பிற நாடுகள் பெற்ற புள்ளிகள் வெளியிடப்படவேயில்லை. அன்று தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தோர் சிலரே. பெரும்பாலோர் வானொலியிற் கேட்டனர். போர் ஓய்ந்து பதினொரு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட நாடுகள் ஒரே மேடையில் தத்தம் மொழியிற் பாடின என்பதே பெரிய காரியமாயிருந்தது.

அடுத்த ஆண்டு பிராங்பேட் நகரிற் பத்து நாடுகள் கூடின. நாட்டுக்குப் பத்துப் பேர் கொண்ட நடுவர் குழு, ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்ற முறை வந்தது. ஒரு கண்டத்தின் இசைச் சுவையை அந்தந்த நாட்டின் பத்துப் பேரே தீர்மானித்தனர் என்பதை மனத்திற் கொண்டால், பின்வருவது எளிதில் விளங்கும்.

கைகளை விரித்த பாடகர்

1958இன் தொடக்கத்திற் சன்ரேமோ மேடைக்கு மொடுன்யோ ஒரு புதிய பாடலுடன் வந்தார். நண்பர் பிராங்கோ மிலியாச்சியுடன் சேர்ந்து எழுதப்பட்ட அப்பாடல், முகத்தையும் கைகளையும் நீலமாகத் தீட்டிக்கொண்டு வானத்திற் பறக்கும் ஒருவனின் கனவைக் கூறுவது. அதற்கு நீளமான ஒரு தலைப்பு இருந்தபோதும், பறத்தல் எனப் பொருள்படும் வொலாரே என்ற ஒற்றைச் சொல்லாலேயே உலகம் அதை அறிந்துகொண்டது. அன்றைய இத்தாலியப் பாடகர்கள் ஒலிவாங்கியின் முன் அசையாது நின்று, நெஞ்சிற் கைவைத்துப் பாடுவதே மரபு. மொடுன்யோ இரு கைகளையும் அகல விரித்து, உண்மையிலேயே பறக்கப் போகிறவர் போலப் பாடினார். மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து ஆர்ப்பரித்தனர். அப்பாடல் முதலிடம் பெற்றது.

அதே பாடலுடன் மார்ச் 12ஆம் நாள் நெதர்லாந்தின் ஹில்வர்சும் நகரில் நடந்த மூன்றாவது யூரோவிஷன் போட்டிக்குச் சென்றார். பத்து நாடுகள், முதலிற் பாடும் முறை இத்தாலிக்கு. அவர் பாடும்போது ஒலிபரப்பிற் கோளாறு ஏற்பட்டதால், சில நாடுகளில் அது சரியாகச் சென்றடையவில்லை. எனவே எல்லோரும் பாடி முடித்தபின் மீண்டும் ஒருமுறை பாட அவருக்கு இடமளிக்கப்பட்டது. இருமுறை பாடியும் கிடைத்தவை 13 புள்ளிகள். பிரான்சின் அந்த்ரே கிளவோ 27 புள்ளிகளுடன் வென்றார். சுவிற்சர்லாந்தின் லிஸ் அசியா 24 புள்ளிகளுடன் அடுத்து நின்றார். கிளவோ பாடியது மென்மையானதொரு தாலாட்டு. நடுவர்கள் பழகிய சுவையையே தேர்ந்தனர் என்று கொள்ளலாம்.

ஆனால் அவ்வாண்டின் கோடைகாலம் வேறு தீர்ப்பை எழுதியது. இத்தாலிய மொழியிலேயே பாடப்பட்ட அந்த இசைத்தட்டு அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அவ்வாண்டு முழுமைக்குமான பில்போர்ட் பட்டியலிலும் அதுவே முதலிடம் பெற்றது. 1959இல் முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதுகளில், ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த பாடல் ஆகிய இரண்டும் அதற்கே கிடைத்தன. அமெரிக்கர் தம் மொழியல்லாத மொழியில் ஒலித்த பாட்டொன்றுக்கு அந்த முதல் விருதுகளை அளித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அதன்பின் எண்ணற்ற பாடகர்கள் பல மொழிகளில் அதைப் பாடினர். 2005இல் யூரோவிஷன் போட்டியின் ஐம்பதாவது ஆண்டு விழா கொப்பன்ஹேகனில் நடந்தபோது, போட்டியில் ஒலித்த பாடல்கள் அனைத்துள்ளும் சிறந்தவை எவையெனக் கணிக்கப்பட்டன. சுவீடனின் அப்பா குழுவினரின் பாடலுக்கு அடுத்ததாக, 1958இன் மூன்றாமிடப் பாடலே இரண்டாவதாக வந்தது.

மொடுன்யோ சன்ரேமோவில் 1959, 1962, 1966 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். ஆயினும் யூரோவிஷன் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1959இல் பிரான்சின் கான் நகரில் ஆறாமிடம். 1966இல் லக்சம்பேர்க்கில் ஒத்திகையின்போதே ஏற்பாட்டாளர்களுடன் முரண்பாடு தோன்றியது. இறுதியில் மொனாக்கோவுடன் சேர்ந்து பூச்சியப் புள்ளிகளுடன் கடைசியிடம். அந்தப் பாடலும் பிற நாடுகளில் விரும்பிக் கேட்கப்பட்டது; அதன் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வெளிவந்தது. புள்ளிப் பலகையில் எழுதப்படுவது ஒன்று, மக்கள் மனத்தில் எழுதப்படுவது மற்றொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1970களின் தொடக்கத்தில் அவர் பாடிய பாடலொன்றை இங்கு சொல்லாமல் விடமுடியாது. அப்ருத்சோ மலைப்பகுதியின் நாட்டார் மெட்டிலிருந்து உருவான அப்பாட்டு, தன் கசப்பான, ஆனால் அழகிய மண்ணை விட்டுப் போகிறவன் அதனிடம் விடைபெறுவதைக் கூறுவது. பறப்பதைப் பாடிய அதே குரல், பிரிவதையும் பாடியது.

குரல் இழந்தபின்

1984 ஜூன் மாதத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் ஒளிப்பதிவின்போது மொடுன்யோ பக்கவாதத்தால் வீழ்ந்தார். உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. பேச்சும் தடைப்பட்டது. மேடையிற் கைகளை விரித்துப் புகழ்பெற்றவருக்கு ஒரு கையை உயர்த்துவதே பெரும்பாடாயிற்று. அத்துடன் அவர் கதை முடிந்துவிட்டதெனப் பலர் எண்ணியிருக்கக்கூடும்.

அவ்வாறு நிகழவில்லை. மாற்றுத்திறனாளியின் வாழ்வு எத்தகையது என்பதைத் தன் உடலிலேயே கற்றுக்கொண்ட அவர், தீவிரக் கட்சியிற் சேர்ந்து 1987இற் பாராளுமன்ற உறுப்பினரானார். மனநோயாளரை அடைத்துவைக்கும் விடுதிகளை மூடுவதற்கான சட்டம் இத்தாலியில் 1978லேயே இயற்றப்பட்டிருந்தது. எனினும் பத்து ஆண்டுகள் கழிந்தும், சிசிலியின் அக்ரிஜெந்தோ நகரிலுள்ள விடுதியில் நோயாளர் மனிதத் தன்மையற்ற நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். 1988இல் மொடுன்யோ அதனை நாட்டுக்கு எடுத்துரைத்தார். 1989இல் அந்த நோயாளருக்காக அந்நகரிலேயே மீண்டும் மேடையேறிப் பாடினார். தன் பிழைப்புக்காகச் சிசிலியின் பெயரைப் பெற்றுக்கொண்டவர், அந்தத் தீவின் கைவிடப்பட்ட மனிதருக்காகக் குரல் கொடுத்து அக்கடனைத் தீர்த்தார் என்று நாம் கருதுகிறோம்.

மற்றொரு கடன் எஞ்சியிருந்தது. 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பொலின்யானோவுக்குத் திரும்பி வந்தார். பல்லாயிரக்கணக்கான மக்கள் கூடிய மேடையில், தான் பிறந்த ஊரை மறைத்ததற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். வெல்லும்வரை மறைத்துவைத்திருந்ததைப் புகழெல்லாம் அடைந்தபின், நலிந்த உடலோடு வந்து ஒப்புக்கொள்வது எளிதன்று. ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1994 ஆகஸ்ட் 6ஆம் நாள், லம்பெதூசாத் தீவில் கடலோரமாக இருந்த தன் வீட்டில் மாரடைப்பால் அவர் காலமானார். அகதிகளைச் சுமந்து வரும் படகுகளால் அத்தீவின் பெயரைப் பின்னாளில் உலகம் அறிந்தது. 2013 அக்டோபர் 3ஆம் நாள் அதன் கரைக்கு அண்மையிற் படகொன்று மூழ்கி 360க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2009இற் பொலின்யானோவின் கடற்கரையில் மொடுன்யோவின் சிலை நிறுவப்பட்டது. கைகள் இரண்டும் வொலாரே பாடிய அந்நாளிற் போலவே விரிந்திருக்கின்றன. ஆனால் முகம் கடலை நோக்கியதன்று. கடல் முதுகுப்புறத்தில் இருக்க, அவர் தன் ஊரைப் பார்த்தவாறு நிற்கிறார். தொலைதூர நாடுகளில் எத்தனை மேடைகள் ஏறினாலும், எத்தனை மொழிகளிற் பேசினாலும், எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்காது சொல்ல நாமும் நம் பிள்ளைகளும் அவர் வாழ்விலிருந்து கற்றுக்கொள்ளலாம். அவருக்கு அது காலம் தாழ்ந்தே கைகூடியது. நமக்கு அவ்வளவு தாமதம் வேண்டியதில்லை.