சோ என்லாய்

சோ என்லாய் (மார்ச் 5, 1898 – ஜனவரி 8, 1976) மக்கள் சீனக் குடியரசின் முதலாவது பிரதமர் ஆவார். 1949 முதல் தான் இறக்கும் வரை இப்பதவியை வகித்தார். 1949 முதல் 1958 வரை வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். வணிகத்தையும் பொருளுதவியையும் சீன வெளியுறவுக் கொள்கையின் கருவிகளாக உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்.

இளமை

ஜியாங்சு மாகாணத்தின் ஹுவாய்ஆன் நகரில் பிறந்தார். தியான்ஜினில் நன்காய் பள்ளியில் கல்வி கற்றபின் ஜப்பானுக்குச் சென்றார். 1920 இல் ஐரோப்பா சென்ற இவர் பிரான்சில் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தார். 1925 இல் டெங் யிங்சாவோவை மணந்தார். 1934–35 காலப்பகுதியில் நடந்த நெடும் பயணத்தில் பங்கேற்று, மாவோ சேதுங்கின் தலைமையை ஏற்றுக்கொண்டார்.

வணிகத் தடையும் அரிசியும்

கொரியப் போரில் சீனா ஈடுபட்டதால், 1951 இல் போருக்குப் பயன்படும் பொருட்களைச் சீனாவுக்கு விற்பதற்கு எதிராக ஐக்கிய நாடுகள் அவை தீர்மானம் நிறைவேற்றியது. இறப்பரும் இதில் அடங்கும். அக்காலத்தில் இலங்கை, அரிசித் தட்டுப்பாட்டையும் இறப்பர் விலை வீழ்ச்சியையும் ஒருங்கே எதிர்கொண்டிருந்தது. சோவின் அரசு 1952 டிசம்பரில் இலங்கையுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கையைச் செய்துகொண்டது. ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசியும் 50,000 தொன் இறப்பரும் பரிமாறுவதென முடிவானது. இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகச் சீனா கொடுத்தது. அப்போது இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு இருக்கவில்லை; அது 1957 இலேயே ஏற்பட்டது. அவ்வாண்டு சோ இலங்கைக்கு வருகை தந்தார்.

பஞ்சசீலமும் பாண்டுங் மாநாடும்

1954 இல் திபெத் குறித்து இந்தியாவும் சீனாவும் செய்த உடன்படிக்கையில் பஞ்சசீலக் கொள்கைகள் இடம்பெற்றன. 1955 இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டில் சோ கலந்துகொண்டு, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் நம்பிக்கையைப் பெற முயன்றார். எனினும் எல்லைச் சிக்கல் குறித்து 1960 இல் புதுதில்லியில் ஜவகர்லால் நேருவுடன் நடத்திய பேச்சுக்கள் தோல்வியடைந்தன. 1962 இல் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது.

எட்டுக் கொள்கைகள்

1960 இல் சோவியத் ஒன்றியம் சீனாவிலிருந்த தனது வல்லுநர்களைத் திடீரெனத் திரும்ப அழைத்ததால் பல தொழில் திட்டங்கள் பாதியில் நின்றன. பொருளுதவியைச் சார்ந்திருப்பதன் ஆபத்தைச் சீனா இவ்வாறு நேரடியாக அறிந்தது. 1963 டிசம்பர் முதல் 1964 பெப்ரவரி வரை பத்து ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்ற சோ, கானாவில் வெளிநாட்டு உதவிக்கான எட்டுக் கொள்கைகளை அறிவித்தார். அவற்றுள் முக்கியமானவை:

- உதவிக்கு நிபந்தனைகளோ சலுகைக் கோரிக்கைகளோ கூடாது.
- கடன்கள் வட்டியின்றியோ குறைந்த வட்டியிலோ வழங்கப்படும்.
- பெறும் நாடு தன்னிறைவு அடைவதே நோக்கம்.
- சீன வல்லுநர்கள் உள்நாட்டு வல்லுநர்களுக்கு நிகரான வசதிகளுடனேயே வாழ வேண்டும்.

இவற்றின் மிகப்பெரிய செயல்வடிவம் தான்சானியா–சாம்பியா தொடருந்துப் பாதையாகும். வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியாவின் வழியே செல்லாமல் சாம்பியாவின் செம்பைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வது இதன் நோக்கம். மேற்கு நாடுகள் நிதியளிக்க மறுத்த இத்திட்டத்துக்கு 1967 இல் சீனா வட்டியில்லாக் கடன் வழங்க உடன்பட்டது. 1860 கிலோமீட்டர் நீளமான பாதையின் கட்டுமானம் 1970 இல் தொடங்கி 1975 இல் முடிந்தது. கொழும்பிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபமும் (1973) சீனாவின் நன்கொடையே.

1971 அக்டோபரில் மக்கள் சீனக் குடியரசு ஐக்கிய நாடுகள் அவையில் இடம்பெற்றபோது ஆதரவாகக் கிடைத்த 76 வாக்குகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆப்பிரிக்க நாடுகளுடையவை. 1972 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனின் சீனப் பயணத்துக்கும் சோவே வழிவகுத்தார்.

விமர்சனங்கள்

இவ்வுதவிகளை வழங்கிய சீனா அப்போது மிக வறிய நாடாக இருந்தது. 1959–61 பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தனர். அக்காலத்திலும் வெளிநாட்டு உதவி முற்றாக நிற்கவில்லை. பிரதமர் என்ற முறையில் இதில் சோவுக்கும் பொறுப்புண்டு எனக் கருதப்படுகிறது. பண்பாட்டுப் புரட்சியின்போது சிலரைக் காப்பாற்றியபோதும் மாவோவை அவர் வெளிப்படையாக எதிர்க்கவில்லை.

மறைவு

சிறுநீர்ப்பைப் புற்றுநோயால் பெய்ஜிங்கில் காலமானார். 1976 ஏப்ரலில் தியனன்மென் சதுக்கத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்தத் திரண்ட மக்கள் கலைக்கப்பட்டனர். 21 ஆம் நூற்றாண்டில் சீனா வழங்கும் கடன்கள் பெரும்பாலும் வட்டியுடன் கூடியவை. அவற்றைப் பற்றிய விவாதங்களில் எட்டுக் கொள்கைகள் இன்றும் ஒப்பிடப்படுகின்றன.