அவையில் நின்ற உமறு

சிறு வயதில் ஈஜோக்கில் ஒரு மீலாது விழாவில் மனப்பாடம் செய்த பேச்சைப் பாதியில் மறந்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி ஓடியவன் நான். அதனாலோ என்னவோ, உமறுப் புலவரின் வரலாற்றில் அவர் அவைக்கு முன் நின்ற கட்டங்களே என்னை இழுக்கின்றன.

உமறு 1642-இல் பிறந்தவர் என்பார்கள். தந்தையார் வாசனைப் பொருள் வணிகர். (நம்மைப் போன்ற வியாபாரக் குடும்பம்தான்!) எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்தார். வடக்கிலிருந்து வந்த வாலைவாருணி என்ற புலவரைப் பதினாறு வயதிலேயே அரசவையில் வாதில் வென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்று கீழக்கரை வள்ளல் சீதக்காதி விரும்பினார். விவரம் கேட்டு மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் போனார் உமறு. அரசவைப் புலவரின் ஆடம்பர உடையைக் கண்டு அப்பா முதலில் மறுத்துவிட்டாராம். மனம் உடைந்த உமறு விடாமல் முயன்று, பிறகுதான் இசைவு பெற்றார்.

அந்தக் காலத்தில் நூலை எழுதி முடித்தால் மட்டும் போதாது. கற்றோர் கூடிய சபையில் புலவரே வாசிக்க வேண்டும், பொருள் சொல்ல வேண்டும், எழும் தடைகளுக்கு விடை தர வேண்டும். அதுதான் அரங்கேற்றம். சபையைக் கூட்டுவதும் வந்தவர்களுக்குச் சோறு போடுவதும் வள்ளலின் பொறுப்பு. ஆனால் காப்பியம் முடியுமுன்பே சீதக்காதி காலமானார். ஓலைக்கட்டு இருக்கிறது, சபை கூட்ட ஆள் இல்லை. ஒரு புலவருக்கு இதைவிடப் பெரிய தவிப்பு என்ன இருக்கும்?

பறங்கிப்பேட்டை வணிகர் அபுல்காசிம் மரைக்காயர் அப்போது முன்வந்தார். அவர் ஆதரவில் சீறாப்புராணம் அரங்கேறியது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்று காண்டங்கள், 5,027 விருத்தங்கள். ஒரே இரவில் வாசித்து முடிகிற காரியமா அது? நூலின் பல இடங்களில் உமறு அபுல்காசிமை நன்றியோடு வாழ்த்துகிறார். தொடங்கி வைத்த சீதக்காதியின் பெயர் நூலுக்குள் இல்லை. அது எனக்கு இன்றும் சற்று வருத்தம்தான்.

1703-இல் உமறு மறைந்தார் என்பர். நபிகளாரின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்க அவருக்கு வாய்க்கவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் பின்னாளில் சின்ன சீறாவாகப் பாடினார். சீறாப்புராணம் அச்சேறியது 1842-இல். அதுவரை அது ஏடுகளில் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் இராகத்தோடு பாட, ஒருவர் பொருள் சொல்ல, சுற்றி உட்கார்ந்து கேட்ட ஊர்மக்களின் காதுகளிலும் இருந்தது.