தொழில் வளர்த்த தியாகராயர்

மூலக்கொத்தளத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மாவு மில் உண்டு. ஒரு மோட்டார், ஒரு பட்டை, மேலே தானியம் கொட்ட ஒரு தகரப் பெட்டி, அவ்வளவே. கேழ்வரகையோ கோதுமையையோ கொட்டினால் கால் மணி நேரத்தில் சுடச்சுட மாவாகி வந்துவிடும். எந்திரக்கல் சுற்றிய என் பாட்டிக்கு அந்த மில் வந்தது பெரிய விடுதலை. ஆனால் கூலிக்கு மாவரைத்துப் பிழைத்த அண்டை வீட்டு அம்மையாருக்கோ அன்றோடு பிழைப்புப் போயிற்றாம். வளரும் நாட்டின் பெருந்தொழில்கள் பற்றிப் பேராசிரியர் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த அம்மையாரே என் நினைவுக்கு வருகிறார். இயந்திரமும் வேண்டும், உழைப்பவர் வயிறும் நிறைய வேண்டும். இரண்டுக்கும் வழி என்ன? இந்த வினாவைத் தம் வாழ்நாளெல்லாம் எதிர்கொண்ட ஒருவர் எங்களுக்கு அடுத்த வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்தார். அவரே சர் பிட்டி தியாகராயர்.

1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடியில் பிறந்தார். 1876-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டதாரிக்கு அரசாங்க உத்தியோகம் எளிதில் கிட்டும். அவரோ தோல் பதனிடுதல், உப்பு, சுண்ணாம்பு எனத் தொழில்களில் இறங்கினார். எனினும் அவர் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கைத்தறியே.

அக்காலத்தில் பெரம்பூரில் வெள்ளையரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் நீராவி வலிமையில் துணியைக் குவித்துக்கொண்டிருந்தன. தியாகராயர் ஏறத்தாழ நூறு தறிகளை நிறுவி, அவற்றில் விசைநாடாவைப் புகுத்தினார். பழைய முறையில் நெசவாளி நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். கை எட்டும் அகலத்துக்குத்தான் துணி. விசைநாடாவில் ஒரு கயிற்றைச் சுண்டி இழுத்தால் போதும், நாடா தானே ஓடித் திரும்பும். துணி அகலும், வேலை விரையும், தறியோ நெசவாளியின் கையிலேயே இருக்கும். எங்கள் தெரு மோட்டார் அந்த அம்மையாரின் கைக்கே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1909-இல் தோன்றிய தென்னிந்திய வர்த்தகச் சங்கத்துக்கு அவரே முதல் தலைவர். 1916-இல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1920 தேர்தலில் வென்றபின் தம்மைத் தேடி வந்த முதல்வர் பதவியை ஏற்க மறுத்தார். இவையெல்லாம் நாம் பாடநூலிலேயே படித்தவை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு, தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் தந்தது. பசித்த ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராது, கூலிக்குத்தான் போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1921-இல் பெரம்பூர் ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் தொழிலாளர்களுக்கிடையே சாதிக் கலவரமாக மூண்டபோது, அவருடைய கட்சி ஆதிதிராவிட மக்கள் பக்கம் உறுதியாக நிற்கவில்லை. எம்.சி. ராஜா பின்னர் கட்சியை விட்டே விலகினார். எல்லார்க்கும் நீதி கேட்ட தலைவரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. படித்தபோது மனம் சுருங்கியது.

தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக் கூடாதென்று ஆங்கில அரசு தடுக்க, 1925 ஏப்ரல் முதல் நாளோடு சிற்றுண்டித் திட்டம் நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார். மாநிலமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் மதிய உணவு உண்ண, 1956-இல் காமராசர் வர வேண்டியிருந்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கியது. கோதுமை ரவை உப்புமா கிடைத்த நாளில் என் தம்பி அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்கிறான்.