நச்சு விதையிலிருந்து சோயா வரை: பெர்சி ஜூலியன்

சிகாகோவில் உள்ள கிளிடன் நிறுவனத்தின் சோயா எண்ணெய்த் தொட்டி ஒன்றில் தண்ணீர் கசிந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது பாழாய்ப்போன எண்ணெய். ஆய்வுப் பிரிவின் தலைவர் பெர்சி ஜூலியனுக்கோ பார்த்துப் பழகிய பொருள். எங்கே பார்த்தார் என்பதுதான் எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி.

ஜூலியன் 1899இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர். அவர் வளர்ந்த மோண்ட்கோமரி நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசு உயர்நிலைப் பள்ளியே இல்லை. அதனால் டிபாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, விடுபட்ட பள்ளிப் பாடங்களையும் சேர்த்துப் படித்தார். 1920இல் வகுப்பிலேயே முதல் மாணவராகத் தேறினார். பிறகு ஹார்வர்டில் முதுநிலைப் பட்டம் பெற்றார். கறுப்பர் ஒருவர் பாடம் நடத்தினால் வெள்ளை மாணவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அங்கே அவருக்கு உதவி விரிவுரையாளர் பணி மறுக்கப்பட்டது. முனைவர் பட்டத்துக்கு அவர் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருந்தது. வியன்னாவில் கொரிடாலிஸ் என்னும் செடியின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்து 1931இல் அதைப் பெற்றார்.

தாவரங்கள் உயிர்வாழ நேரடியாகத் தேவைப்படாத பல சேர்மங்களையும் உண்டாக்குகின்றன. அவற்றை இரண்டாம் நிலை வளர்சிதைப் பொருள்கள் என்கிறோம். ஆல்கலாய்டுகள் அதில் ஒரு வகை. காப்பியில் உள்ள காஃபீனும் சிங்கோனா மரப்பட்டையில் உள்ள குவினைனும் ஆல்கலாய்டுகளே. பூச்சியை விரட்ட மரம் வைத்திருக்கும் கசப்பு நமக்கு மருந்தாகிவிடுகிறது.

டிபாவுக்குத் திரும்பிய ஜூலியன், மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் விதையை எடுத்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவரைச் சோதிக்க அங்கு ஒரு காலத்தில் தின்னக் கொடுத்த நச்சு விதை அது. அதில் உள்ள ஃபைசோஸ்டிக்மைன், கண் அழுத்த நோய்க்கு மருந்து. அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்க அவரும் வியன்னா நண்பர் ஜோசப் பிக்லும் முயன்றனர். அதே வேலையில் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சனும் இருந்தார். உலகப் புகழ்பெற்றவர், அவருடைய முடிவுகள் ஜூலியனின் முடிவுகளோடு பொருந்தவில்லை. ராபின்சன் சொல்வது தவறு என்று ஜூலியன் அச்சிலேயே எழுதினார். தாம் தவறியிருந்தால் அத்தோடு தம் ஆய்வு வாழ்க்கையே முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

எது சரி என்பதை உருகுநிலை காட்டியது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் சிறிது தூளை வைத்துச் சூடாக்கி, எந்த வெப்பத்தில் உருகுகிறது என்று பார்க்கும் சோதனை அது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதைவிடச் சலிப்பான பயிற்சி இல்லை! ஜூலியன் உருவாக்கிய பொருளின் உருகுநிலை, விதையிலிருந்து எடுத்த பொருளுடையதோடு ஒத்துப்போனது. 1935இல் அவர் ஃபைசோஸ்டிக்மைனையே உருவாக்கிக் காட்டினார். அதற்குப் பிறகும் டிபாவ் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. 1936இல் கிளிடனில் சேர்ந்தார்.

இப்போது அந்தத் தொட்டிக்கு வருவோம். கலபார் விதையின் எண்ணெயிலிருந்து வெள்ளைப் படிகங்கள் பிரிந்ததை ஜூலியன் முன்பே கண்டிருந்தார். அது ஸ்டிக்மாஸ்டெரால். அதைப் புரோஜெஸ்டெரோன் ஹார்மோனாக மாற்றலாம் என்று ஜெர்மானியர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தனர். ஆனால் மூலப்பொருள் எங்கே கிடைக்கும்? தொட்டியில் படிந்திருந்தது அதுதான். விலங்குகளின் உறுப்புகளிலிருந்து துளித்துளியாக எடுத்த ஹார்மோனைச் சோயாவிலிருந்து பெருமளவில் தயாரிக்க வழி பிறந்தது. கருச்சிதைவைத் தடுக்க அப்போது மருத்துவர்கள் தந்த மருந்து அது. 1949இல் மூட்டுவாத நோயாளிகள் கார்ட்டிசோனுக்காகக் காத்திருந்தபோது, அதைவிட ஒரே ஓர் ஆக்சிஜன் அணு குறைந்த சேர்மத்தை ஜூலியன் தயாரிக்கும் முறையைக் கண்டார். பின்னர் அது கார்ட்டிசோன் வகை மருந்துகளுக்கு மூலப்பொருளானது.

1950இல் சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் அவர் வீடு வாங்கினார். குடிபுகும் முன்பே அதற்குத் தீ வைக்க முயன்றார்கள். அடுத்த ஆண்டு வெடிகுண்டு வீசினார்கள். அவர் மகனோடு இரவில் காவல் இருந்தார், வீட்டை விற்கவில்லை. 1953இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1973இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அப்போது அவருக்கு 74 வயது. இரண்டு ஆண்டுகளில் காலமானார்.