குடலிறக்கத்தை அடக்கிய பஸ்ஸினி

இத்தாலியின் பாவியா நகரில் 1844-ஆம் ஆண்டு பிறந்தவர் எடுவார்டோ பஸ்ஸினி. மருத்துவப் பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1867-இல், கரிபால்டியின் தொண்டர்களோடு ரோம் அருகே போரிட்டார். துப்பாக்கி முனைக் கத்தி அவரது கவட்டையில் பாய்ந்தது. ஆறப் பல மாதங்கள் பிடித்தன. பின்னாளில் அவர் பெயர் பெற்றதும் அதே இடத்துச் சிகிச்சையில்தான்!

இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும் கவட்டைக் குடலிறக்கத்தை அக்காலத்தில் தைத்து மூடினாலும் பலருக்குத் திரும்ப வந்தது. பலருக்கு இடுப்புப் பட்டைதான் கதி. விந்து நாண் வயிற்றுச் சுவரைச் சாய்வாகக் கடக்கும் பாதையைக் கூர்ந்து ஆராய்ந்த பஸ்ஸினி, வாயை மட்டும் மூடாமல், தசை அடுக்குகளைக் கீழேயுள்ள கவட்டை நாரோடு தைத்து, அப்பாதையின் பின்சுவரையே புதிதாகக் கட்டினார். நோயாளியை இருமச் சொல்லித் தையல் தாங்குகிறதா என்றும் பார்த்தார்.

1887-இல் இம்முறையை ஜெனோவாவில் அறிவித்தார். படுவா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த அவர், 1924-இல் மறைந்தார்.