மூலிகைகளை ஆராய்ந்த அம்மையார்

நம் நெய்வேலி நகரியத்தில் பல வீட்டுத் தோட்டங்களில் நித்தியகல்யாணி பூத்து நிற்கிறது. வேலியோரத்துச் செடிதானே என்று நாம் கடந்து செல்கிறோம். இத்தகைய செடிகளுக்குள் இறைவன் வைத்துள்ள மருந்தைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் அசிமா சாட்டர்ஜி.

இவர் 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். மருத்துவரான தந்தைக்குத் தாவரங்களில் இருந்த நாட்டம் மகளிடமும் வளர்ந்தது. வேதியியல் பயின்று, 1944-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. 1947-இல் கைக்குழந்தையுடன் அமெரிக்கா சென்று ஆய்வைத் தொடர்ந்தார். 1950-இல் தாயகம் திரும்பினார்.

ஒரு மூலிகை நோய் தீர்க்கும் என்று பாட்டிமார் கூறினால் நாம் நம்பிவிடுகிறோம். அம்மையாரோ நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. செடியில் நோயைத் தடுப்பது எந்தப் பொருள் என்று கண்டறிய முனைந்தார். பட்டையையும் வேரையும் உலர்த்திப் பொடித்து, சாற்றை வடித்து, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றின் அமைப்பை ஆராய்வது எளிய வேலையன்று. பிரித்த பொருள் கிருமியை அழிக்கிறதா, மனிதருக்குத் தீங்கு செய்யாதா என்றும் சோதித்தாக வேண்டும். நம் நீலகிரியிலும் பயிரான சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியாவுக்குரிய கொயினா பிரிக்கப்பட்டதும் இவ்வகையில்தான்.

அக்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் பணமும் இல்லை, கருவிகளும் இல்லை. ஆய்வுப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டியிருந்தது. 1967-இல் கணவரையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்தார், தாமும் நோயுற்றார். ஆயினும் மீண்டு வந்து பணியைத் தொடர்ந்தார்.

கொசுக்கடியால் இரத்தத்தில் புகும் மலேரியா ஒட்டுண்ணியை எதிர்க்க, ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி, கழற்சிக்காய் முதலியவற்றிலிருந்து உருவான மருந்திலும், ஆரைக்கீரையிலிருந்து வலிப்பு நோய்க்கு உருவான மருந்திலும் இவரது உழைப்பு உண்டு. நித்தியகல்யாணியின் வேதிப்பொருள்களையும் ஆராய்ந்தார்.

1961-இல் பட்நாகர் பரிசு பெற்ற முதல் பெண்மணியானார். 1975-இல் இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் தலைவரானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். 2006 நவம்பர் 22-ஆம் நாள் மறைந்தார்.

மாணவியரே, இனி ஒரு பச்சிலையைப் பற்றிக் கேள்விப்பட்டால் அதை இகழவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். சோதித்துத் தெளியும் பொறுமையை அம்மையாரிடம் கற்போம். இறைவனின் படைப்புக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே.