கேட்டுக் கட்டியவர்: மினெட் டி சில்வா

எங்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, ஒரு வாசல், முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அதைக் கட்டிய எவரும் அங்கே குடியிருக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குடியிருப்போரைக் கேட்டு வீடு வரைந்த ஒரு பெண்மணி நமக்கு அருகே கண்டியிலேயே வாழ்ந்தார்.

மினெட் டி சில்வா 1918இல் பிறந்தார். அவரை அறியுமுன் தாயார் அக்னஸை நாம் அறிய வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1928இல் டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சி சொன்னவர் அவர். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் அது வேண்டுமா என்று கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று தயங்காமல் பதில் சொன்னார். நமது பாட்டிமாருக்காக அந்தச் சபையில் ஒலித்த குரல் அது.

மகள் பம்பாயில் கட்டடக்கலை படித்தார். காந்தியின் விடுதலை கோரிய ஊர்வலத்தில் கலந்ததால் அங்கே படிப்பை இழந்தார். பின்னர் பெங்களூரில் நகரத் திட்டமிடலாளர் ஒட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் பணி, அதன்பின் லண்டனில் படிப்பு. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண் ஆனார்.

அவர் நாடு திரும்பிய 1949இல்தான், தாயார் கேட்ட அந்த வாக்குரிமை தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரிடமிருந்து பறிபோனது.

கண்டியில் அவர் கட்டிய முதல் வீடு மலைச்சரிவின் போக்கிலே மட்டம் மட்டமாக இறங்கும். தும்பறைப் பாய் நெசவையும் உள்ளூர்க் கைவினைகளையும் கொங்கிரீட்டோடு சேர்த்தார். அவருடைய பெரும் பணி என்று நான் எண்ணுவது 1950களின் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம். அரச ஊழியர்களுக்கான இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். பல இனத்தவர், பல வருமானத்தவர். எப்படிச் சமைக்கிறீர்கள், எத்தனை பேர், என்ன வசதி தேவை என வினாக்கொத்துக் கொடுத்தும் நேரில் பேசியும் அறிந்த பிறகே வரைபடம் போட்டார். இன்று பல்கலைக்கழகங்களில் பங்கேற்புத் திட்டமிடல் என்ற பெயரில் படிப்பிப்பது இதைத்தான்.

1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாற்றைக் கற்பித்தார். ஊரில் வேலை குறைந்திருந்த காலம் அது. ஆண் கட்டடக்கலைஞர்களுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை மறைத்துப் பயனில்லை. இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் 1996இல்தான், எழுபத்தெட்டு வயதில், வந்தது. 1998 நவம்பர் 24 அன்று கண்டியில் காலமானார்.

வட்டபுளுவவில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கண்டிக்குப் போகும் தோழியர் ஒருமுறை அந்தப் பக்கம் நடந்து பாருங்கள்.